சிவனொளிபாதமலை: வெள்ளனப் புறப்படுவதுதான் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசெம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும் சிவனொளிபாதமலை சீசனுக்கு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் வரும். பத்திரிகைகளில் வழக்கம்போல அறிவுரைகளும் வரும்: தண்ணீர் கொண்டு போங்கள், கம்பளி கொண்டு போங்கள், நேரத்தோடு புறப்படுங்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைப் பற்றியே இந்தக் கடிதம். ஹட்டன் பக்கத்து அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

"வெள்ளனவே ஏறிருங்க, விடியிறதுக்குள்ள எடம் புடிச்சிரலாம்" என்று லயத்துப் பெரியவர்கள் முதல் வேன் சாரதிகள் வரை எல்லாரும் சொல்கிறார்கள். மின்விளக்கும் சீரான படியும் இல்லாத காலத்தில் அது நல்ல யோசனைதான். 14ஆம் நூற்றாண்டில் இபுன் பத்தூத்தா ஏறியபோது பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஏறினார். இன்று நல்லதண்ணிப் பக்கம் அடிவாரம் முதல் உச்சி வரை சீசனில் விளக்கு எரிகிறது, செங்குத்தான இடங்களில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. பாதை மாறிவிட்டது, யோசனை மட்டும் மாறவில்லை. இரவு 9 மணிக்கு வேனை விட்டு இறங்கியவர்கள் 9.30க்கு ஏறத் தொடங்கி, ஒரு மணி, ஒன்றரைக்கெல்லாம் உச்சியில் நிற்கிறார்கள். சூரியன் வர அதற்குப் பிறகு ஐந்து மணித்தியாலம் இருக்கிறது. அந்த ஐந்து மணித்தியாலத்தில் நடப்பதுதான் மறுநாள் காலை முழங்கால் பிடிப்பாகவும், மயக்கமாகவும், இரண்டு பேர் தோளில் கைபோட்டு இறங்குவதாகவும் வெளியே தெரிகிறது.

எப்போது புறப்படலாம் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏற வேண்டியது ஏறக்குறைய 1,000 மீற்றர். தூரம் ஐந்து கிலோமீற்றர் என்பாரும் உண்டு, ஏழு என்பாரும் உண்டு. பஸ் நிலையத்திலிருந்து அளப்பதா, மகர தோரண வாயிலிலிருந்து அளப்பதா என்பதில் அது மாறும். படிகள் 5,000க்கு மேல். எண்ணிக்கொண்டு போகிறவர்கள் சொல்லும் தொகை ஒன்றுக்கொன்று ஒத்துவராது. 5,500 என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பகுதியில் படி ஐதாகவே வரும், சாய்வான நடைதான். ஜப்பானிய சமாதானத் தாதுகோபத்தைத் தாண்டி, சீத கங்குல ஓடையையும் கடந்த பிறகே படி நெருக்கமாகிறது, மேலே போகப்போகச் செங்குத்தாகிறது.

சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் மூச்சு முட்டாமல் நிமிடத்துக்கு 30 படி ஏறலாம். 5,500 படிக்கு மூன்று மணித்தியாலம். கீழ்நடையையும் இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் நாலு. நிமிடத்துக்கு 20 படிதான் முடியும் என்கிற வயதானவருக்கும் சிறுபிள்ளையோடு போகிறவருக்கும் ஐந்தரை. தேயிலை மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு மூன்று மணித்தியாலமும் போதும். இரண்டரையில் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கடிதம் தேவையில்லை.

சூரியன் உதிக்கும் நேரம் சீசன் முழுவதும் ஒன்றல்ல. டிசெம்பர் நடுவில் 6.10 அளவில். ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை 6.25 அளவில். மார்ச் 20 தாண்டும்போது மீண்டும் 6.10, ஏப்ரல் நடுவில் 6 மணி, வெசாக் நெருங்கும்போது 5.50. கிழக்கு வெளுப்பது இதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முந்தி. ஆகவே பெப்ரவரியில் போகிறவர் 5.45க்கு உச்சியில் இருந்தால் ஒன்றையும் தவறவிடமாட்டார். நாலு மணித்தியாலக்காரர் 1.45க்குப் புறப்படட்டும், ஐந்தரை மணித்தியாலக்காரர் 12.15க்கு. வேன் 9 மணிக்கே வந்துவிட்டால் அதற்குள்ளேயே, முடிந்தால் மடத்திலோ அறையிலோ, மூன்று நாலு மணித்தியாலம் தூங்கிவிட்டுப் புறப்படட்டும். நல்லதண்ணியில் தூங்கும் மூன்று மணித்தியாலத்துக்கும் உச்சியில் விழித்திருக்கும் மூன்று மணித்தியாலத்துக்கும் உள்ள வித்தியாசம் இறங்கும்போது முழங்காலில் தெரியும்.

இனி உச்சியைப் பற்றி. உயரம் 100 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 பாகை செல்சியஸ் குறையும். எனவே நல்லதண்ணியை விட உச்சி ஆறு பாகைக்கு மேல் குளிர். விடியப்புறத்தில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். நுவரெலியாக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார், அவர் ஊரில் துகள்பனியே விழும். ஆனால் அவர் காய்ந்த உடுப்போடு வீட்டுக்குள் இருக்கிறார். மலை உச்சியில் நிற்பவர் வியர்வையில் தொப்பலாக நனைந்த பனியனோடு, நாலு பக்கமும் திறந்த சிறு இடத்தில், காற்றில் நிற்கிறார். நனைந்த துணி, காய்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பருத்தி இதில் மிக மோசம்: நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது. ஏறும்போது தசை வேலை செய்து சூடு தருவதால் ஒன்றும் தெரியாது. நின்ற பத்து நிமிடத்தில் முதுகு சில்லிடும். அரை மணித்தியாலத்தில் பல்லடிக்கும்.

இதற்கு மருந்து மேலும் ஒரு ஸ்வெற்றர் என்று நினைப்பது தவறு. நனைந்ததின் மேல் எதைப் போட்டாலும் உள்ளே ஈரம் இருந்தபடியே இருக்கும். செய்ய வேண்டியது இது. உச்சிக்குக் கிட்டியிருக்கும் கடைசித் தேத்தண்ணிக் கடைகளில் ஒன்றில் நில்லுங்கள். அங்கே காற்றுக்கு மறைப்பு இருக்கும். மேலுடுப்பை முழுக்கக் கழற்றி, சிறு துவாயால் முதுகையும் கழுத்தையும் அழுத்தித் துடையுங்கள். காய்ந்த பனியன் ஒன்றை, பெண்களானால் காய்ந்த மேற்சட்டையை, நேரே தோலின் மேல் போடுங்கள். அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மழைக்கோட்டு. தலைக்குத் தொப்பி. காய்ந்த உடுப்பைப் பொலித்தீன் உறையில் கட்டி எடுத்துப்போனால் அடுத்த முறைக்கும் அந்த உறை உதவும், வழியில் வீச வேண்டியதில்லை. உடுப்பு மாற்றிய பிறகு மிச்சப் படிகளைப் பாதி வேகத்தில் ஏறுங்கள். வேகமாக ஏறினால் மாற்றிய பனியனும் நனைந்துவிடும், மாற்றியதில் பயனில்லை. பெண்கள் மறைவாக உடுப்பு மாற்ற இந்தக் கடைகளில் வசதி குறைவு என்பது உண்மை. ஒரு சேலையையோ படங்கையோ இரண்டு பேர் பிடித்து மறைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும். கூட்டமாக வரும் தோட்டத்துப் பெண்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள்.

நல்லதண்ணியில் விற்கும் மெல்லிய பொலித்தீன் மழைக்கோட்டை அடிவாரத்திலேயே போட்டுக்கொண்டு ஏறுவது இன்னொரு வழக்கம். மழை இல்லாவிட்டால் அதைப் போட வேண்டாம். வியர்வை வெளியேற வழியின்றி உட்பக்கத்தில் நீராகப் படிந்து, மழையில் நனைந்ததை விட மோசமாக நனைப்பீர்கள். ஏறும் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் உடுப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஆலய முற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக் கருங்கல் தளம் பனிக்கட்டி மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஈரமாயும் இருக்கும். வணங்கி முடிந்ததும் போட்டுக்கொள்ளக் காய்ந்த மேசு ஒரு சோடி தனியே இருக்கட்டும். ஈர மேசோடு இறங்கினால் குதிக்காலில் கொப்புளம் வருவது நிச்சயம்.

நடுக்கம் சரீரம் தன்னைச் சூடாக்கும் முயற்சி. ஒருவர் நடுங்கிக்கொண்டு வழக்கம்போலப் பேசினால் பயமில்லை. காய்ந்த உடுப்பும் சீனி போட்ட சூடான தேத்தண்ணியும் போதும். பேச்சுக் குழறினால், பொத்தான் போட விரல் பிடிகொடுக்காவிட்டால், "எனக்கு ஒன்றுமில்லை, என்னை விடுங்கள்" என்று சள்ளைப்பட்டால் உடனே கவனியுங்கள். நடுங்கியவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது ஆபத்தின் அடையாளம். சூரியனையும் பார்க்க வேண்டாம், ஒன்றையும் பார்க்க வேண்டாம். காற்றிலிருந்து மறைத்து, ஈர உடுப்பை மாற்றி, முதலுதவி நிலையத்துக்கோ கீழேயோ கொண்டுபோங்கள். "குளிருக்கு ஒரு மடக்கு" என்று சாராயம் கொடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. சாராயம் தோலுக்கு அடியில் உள்ள இரத்த நாளங்களை விரியச் செய்யும். சூடு தோலுக்கு வந்து, குடித்தவருக்குச் சுகமாகத் தெரிந்து, பிறகு காற்றோடு போய்விடும். புனித மலையில் அது கூடாது என்பது வேறு விஷயம்.

போயா இரவுகளுக்கும் நீண்ட விடுமுறைகளுக்கும் மேலே சொன்ன கணக்குச் செல்லாது. அன்று உங்கள் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் கால் அல்ல, முன்னால் நிற்பவர் கால். மேல்பகுதியில் வரிசை அசையாமல் நிற்கும், நாலு மணித்தியாலம் எட்டாகலாம். அந்த இரவுகளில் எவ்வளவு வெள்ளனப் புறப்பட்டாலும் சூரியோதயம் கையில் இல்லை. நேர்த்தி போயாவுக்கே என்றிருப்பவர்கள் போகட்டும். மற்றவர்கள் செவ்வாய், புதனில் வரட்டும். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாயிருக்கும் நாட்கள் அதிகம். டிசெம்பரில் மூடுபனிக்கும் மழைக்கும் மனதைத் தயார் செய்துகொண்டே வர வேண்டும்.

சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக, கூர் நுனியோடு, பனிப்புகாரின் மேல் விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது மலையடிவாரத்தை நோக்கிச் சுருங்கி வரும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் கூம்பு என்று சொல்வது வழக்கம். எந்த வடிவ மலையானாலும் நிழல் பல கிலோமீற்றர் தூரத்துக்கு நீளும்போது, தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலக் கண்ணுக்குக் கூராகத்தான் தெரியும். கிழக்கு அடிவானம் தெளிவாயும் மேற்கே கொஞ்சம் புகாரும் இருந்தால்தான் இந்தக் காட்சி. இரண்டும் ஒன்றாய் அமையாத நாட்களும் நிறைய.

இறக்கத்துக்கு வருவோம். எல்லாருக்கும் ஏற்றத்தைப் பற்றித்தான் பயம். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், நின்றால் மூச்சு வந்துவிடும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும், நின்றாலும் அது தீராது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசை நார்களைக் கூடுதலாகக் காயப்படுத்தும் வேலை அதுதான். படியிறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல். 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு படியிலும் 180 கிலோவுக்கு மேல், அதுவும் 5,500 தடவை. இரவு முழுவதும் தூங்காமல், உச்சியில் ஐந்து மணித்தியாலம் குறுகிக் குந்தியிருந்து விறைத்த கால்களோடு இந்த வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை அடிவாரத்தில் காலை 9 மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். பின்பக்கமாக இறங்குகிறவர்கள் கூட உண்டு.

உச்சியிலிருந்து புறப்படுமுன் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சப்பாத்து லேசைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படிக் கட்டாவிட்டால் பாதம் முன்னால் வழுக்கி விரல் நகம் சப்பாத்து நுனியில் இடிக்கும். இரண்டு நாள் கழித்துப் பெருவிரல் நகம் கறுப்பாவது இதனால்தான். நகத்தைப் பயணத்துக்கு இரண்டு நாள் முந்தியே வெட்டிவிடுங்கள். அன்றே வெட்டினால் ஓரம் குத்தும். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். ரப்பர் செருப்பில் ஏறிவிடலாம், இறங்கும்போது வார் அறுந்தால் வெறுங்கால்தான்.

படியில் பாதம் முழுவதையும் வையுங்கள், நுனிக்காலால் தொட்டு இறங்க வேண்டாம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடியே வைத்திருங்கள். விறைப்பாக நீட்டிய காலில் விழுந்து இறங்கினால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குத்தான். படி உயரமான இடத்தில் உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரே காலை முன்வைத்து, மற்றக் காலை அதனோடு சேர்த்து இறங்குங்கள். பத்துப் படிக்கு ஒருமுறை முன்வைக்கும் காலை மாற்றுங்கள். ஓடி இறங்கும் இளைஞர்களைப் பார்த்துப் பின்னால் ஓட வேண்டாம். இந்தப் படிகள் ஒரே உயரத்தில் கட்டப்பட்டவை அல்ல. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது மழை அரித்துச் சரிந்தது. கால் ஒரு தாளத்துக்குப் பழகி ஓடும்போது தாளம் தப்பும் படியில்தான் கணுக்கால் சுளுக்குகிறது. பனி ஈரத்தோடு பாசியும் சேர்ந்த ஓரங்களை மிதிக்காமல் நடுவிலே நடங்கள். கைப்பிடிக் கம்பி இருக்கும் இடத்தில் அதைப் பிடிக்க வெட்கப்பட வேண்டாம். கை வாங்கும் பாரமெல்லாம் முழங்காலுக்கு மிச்சம்.

தடி கட்டாயம். மூங்கிலோ வேறு காட்டுக் கம்போ, வளையாததாக இருக்க வேண்டும். ஏறும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம் போதும். இறங்கும்போது அதைவிட ஒரு சாண் நீளமாக வேண்டும், ஏனென்றால் தடி உங்களுக்கு முன்னால் கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும். ஆகவே நீளமான தடியாய் எடுத்து, ஏறும்போது கொஞ்சம் கீழே பிடியுங்கள். இறங்கும்போது முதலில் தடி, பிறகு நோகும் கால், அதன் பிறகு நல்ல கால். ஏறும்போது முதலில் நல்ல கால். கிளினிக்கில் ஊன்றுகோல் கொடுக்கும்போது சொல்லித்தருவதும் இதே ஒழுங்குதான்.

இறங்க இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் வையுங்கள். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் 10 மணி வெயில் கடைசிப் பகுதியில் நேரே முகத்தில் அடிக்கும். காலையில் போட்ட கம்பளியை ஒவ்வொன்றாய்க் கழற்றப் பையில் இடம் இருக்கட்டும்.

இறக்கத்தில் நடக்கும் இன்னொரு பிழை, சொன்னால் சிரிப்பாயும் நடந்தால் அழுகையாயும் இருப்பது: வழி மாறுவது. உச்சிக்கு நல்லதண்ணிப் பக்கம் ஒரு வழி, இரத்தினபுரி பலாபத்தலப் பக்கம் ஒரு வழி. அதிகாலைக் கூட்டத்தில், மூடுபனியில், முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறவர் மறுபக்கம் இறங்கிவிடலாம். பாதி வழியில் தெரிந்தால் திரும்ப ஏற வேண்டும். அடிவாரத்தில் தெரிந்தால் இரத்தினபுரியிலிருந்து அவிசாவளை, கித்துல்கல சுற்றி ஹட்டன் வர 100 கிலோமீற்றருக்கு மேல். இறங்கத் தொடங்குமுன் "ஹட்டன் பக்கமா, இரத்தினபுரிப் பக்கமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டமாய் வருகிறவர்கள் சிதறிப்போனால் சந்திக்கும் இடத்தை உச்சியில் வைக்காதீர்கள். கீழே மகர தோரணத்தடியில் வையுங்கள்.

பயிற்சியையும் இறக்கத்தை மனதில் வைத்தே செய்ய வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு போன்ற சமதரை ஊர்க்காரர்கள் காலை நடை போனதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நடை நல்லது, ஆனால் இறக்கத்துக்கு உதவாது. மாடிக்கட்டடம் ஒன்று கிடைத்தால் லிப்டில் ஏறிப் படியால் இறங்குங்கள். கேட்பவர் சிரிப்பார், பரவாயில்லை. பத்து மாடிக்கு 200 படி அளவில் வரும். முதல் நாள் இரண்டு தடவை, பிறகு கூட்டிக்கூட்டி ஐந்து. ஒருமுறை நன்றாக இறங்கி நொந்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவாக நோகாது. எனவே கடைசிப் பெரிய பயிற்சி பயணத்துக்குப் பத்து நாள், இரண்டு வாரம் முந்தி இருக்கட்டும். பயணத்துக்கு முந்திய மூன்று நாளும் ஓய்வு. எவ்வளவு செய்தாலும் இறங்கிய இரண்டாம் நாள்தான் நோவு உச்சத்துக்குப் போகும். மறுநாள் வேலைக்குப் போய்விட்டு, அதற்கடுத்த நாள் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் "என்னமோ ஆகிவிட்டது" என்று பயப்பட வேண்டாம். சித்தாலேப தைலம் தடவி, சமதரையில் கொஞ்சம் நடங்கள். ஒரே மூட்டு வீங்கிச் சூடாயிருந்தால் அது வேறு, டொக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். புறப்பட மூன்று மணித்தியாலம் முந்தி சோறு, வயிறு முட்ட அல்ல. வழிக்கு ஆளுக்கு இரண்டு ரொட்டி, கித்துள் கருப்பட்டி நாலைந்து துண்டு, ஒரு பிடி கச்சான், இரண்டு வாழைப்பழம். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர், திரும்ப நிரப்பக்கூடிய போத்தலில். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், மேலே எத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள் என்பதை நினைத்துக் குடிக்காதீர்கள். ஜீவனி (உடம்பின் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புச் சீனித் தூள்) ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அரைப் போத்தலில் முழுப் பக்கற்றைக் கொட்டுவது பிழை. நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்களுக்கு இரவு முழுக்க ஏறும்போது இரத்தத்தில் சீனி கீழே இறங்கிவிடலாம். மருந்தளவை முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு வையுங்கள், சட்டைப் பையில் கருப்பட்டி இருக்கட்டும். நெஞ்சு இறுக்கம், இடது கை உளைச்சல், நின்றும் அடங்காத மூச்சு என்றால் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஏற்றிவிடும் உறவினர்தான் அங்கே பெரிய ஆபத்து. சீசனில் பொலிஸாரும் முதலுதவி ஆட்களும் வழியில் இருப்பார்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990, இலவசம். ஆனால் அம்புலன்ஸ் படியேறி வராது, கீழே தூக்கி வரத்தான் வேண்டும். அதனால் சந்தேகம் இருப்பவர் பாதிக்கு மேல் போகாமலிருப்பதே புத்தி.

சீசன் முடிந்த பிறகு போகிறவர்களுக்கு இந்தக் கடிதத்தின் பாதி பொருந்தாது. விளக்கு இல்லை, கடை இல்லை, தென்மேல் பருவக்காற்று சாய்த்து அடிக்கும் மழை உண்டு. தலையில் கட்டும் டோர்ச் ஆளுக்கொன்றும் மாற்று பற்றரியும் இல்லாமல் இரவில் கால் வைக்க வேண்டாம். அட்டைக்குக் காற்சட்டைக் காலை மேசுக்குள் சொருகி, மேசின் மேல் சவர்க்காரம் தேயுங்கள். கடித்ததைப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு நீரைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வடியும், பயமில்லை. குளவியைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் வழியில் குப்பை எரிக்கவோ மரத்துக்குக் கல்லெறியவோ வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலகிப் போங்கள். இந்த வனத்தில் சிறுத்தையும் உண்டு. தனியே நடக்காமலிருந்தால் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது இரண்டாம் மட்டமோ மூன்றாம் மட்டமோ, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மஸ்கெலியா வீதியின் மண்திட்டுகள் மலையைவிட முந்திச் சரியக்கூடியவை.

இரத்தினபுரிப் பாதையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அழகு அதிகம், காடு அடர்த்தி. ஆனால் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றம் நல்லதண்ணியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நேரமும் மிகக் கூடுதல். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டு வனங்களில் இதுவும் ஒன்று. களனி, களு, வளவை ஆறுகளின் தலைநீர் இங்கேதான். கிழிந்த பொலித்தீன் மழைக்கோட்டுத்தான் வழியோரத்தில் அதிகம் கிடக்கிறது, ஐந்து மணித்தியாலம் குளிரில் காத்திருந்தவர்கள் விட்டுப்போனவை. நேரத்துக்கு ஏறுகிறவர்களுக்கு அந்தக் கோட்டே பெரும்பாலும் தேவைப்படாது. யாத்திரிகர்கள் வழியில் ஊசியைக் குத்தி நூலை இழுத்துவிடும் வழக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நூலைப் படிக்குக் குறுக்கே இழுத்து விடாமல் ஓரமாக விடுங்கள், இருட்டில் இறங்குகிறவர் காலில் சுற்றுகிறது.

பொறுப்பானவர்களிடம் எங்கள் வேண்டுகோள் பெரிய செலவு பிடிக்காதது. நல்லதண்ணி பஸ் நிலையத்திலும் மகர தோரணத்தடியிலும் ஒவ்வொரு கரும்பலகை வைக்க வேண்டும். அன்றன்று மாலை அதில் மூன்று மொழியிலும் நாலு வரி எழுதினால் போதும்: நாளைச் சூரியோதயம் எத்தனை மணிக்கு, மெல்ல ஏறுபவர் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், சாதாரணமாக ஏறுபவர் எத்தனை மணிக்கு, மேலே இப்போது வரிசை நிற்கிறதா இல்லையா. உச்சியில் இறங்கும் வழிகள் பிரியுமிடத்தில், இருட்டிலும் தெரியும் பெரிய எழுத்தில் "ஹட்டன்", "இரத்தினபுரி" என்று அம்புக்குறியோடு எழுதி, அதற்கு நேர்மேலே விளக்கொன்றைப் போட வேண்டும். இரவு 9 மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் ஒரு மணி வரை தலைசாய்க்க, கூரையும் பாயும் உள்ள ஒரு மண்டபம் அடிவாரத்தில் திறந்திருந்தால், மேலே உள்ள முதலுதவிக்காரர்களின் வேலை பாதியாகும். கரும்பலகையில் தினமும் எழுத ஆளில்லை என்றால் சீசன் முடியும் வரை அந்த வேலையை நாங்கள் செய்து தருகிறோம். பலகையும் வெண்கட்டியும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
நல்லதண்ணியிலிருந்து வழிகாட்டிகள் சிலர்